மட்காத உடல்

அந்த மலையூரில் யார் வீட்டுக் கல்லறையைத் தோண்டினாலும் கலியோபி முதல் ஆளாகப் போய் நிற்பாள். புதைத்த ஐந்தாம் வருஷம் எலும்புகளை எடுத்து, திராட்சை மதுவில் கழுவிப் பெட்டியில் வைப்பது ஊர் வழக்கம். செத்தவர்கள் ஒருநாள் எழுந்திருப்பார்கள் என்று அழுகிற பெண்களிடம் அவள் வேதத்தை எடுத்து வைப்பாள். எசேக்கியேல் கண்ட பள்ளத்தாக்கில் உலர்ந்த எலும்புகள்தானே எழுந்து நின்றன? விதை செத்தால்தானே முளைக்கும் என்று பவுல் எழுதவில்லையா? அவளை மடக்க ஆளில்லை. குருவானவரே சிரித்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். எலும்பு வெள்ளையாக வந்தால் பாவம் மன்னிக்கப்பட்டது, உடல் மட்காமல் கிடந்தால் மன்னிக்கப்படவில்லை என்ற ஊர்ப்பேச்சையும் அவள் வேதம் போலவே சொல்லிவந்தாள்.

போன வருஷம் வாஸோவின் மகன் மட்காமல் வந்தான். "செஞ்ச பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணாமலே போயிட்டான் போல" என்று பெற்றவளின் காதில் விழும்படி கலியோபி சொன்னாள். அன்றோடு வாஸோ அவளிடம் பேசுவதில்லை.

இப்போது கலியோபியின் கணவன் ஸ்டமாதிஸின் முறை. ஆடுகளைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதன். கடைசி வருஷம் முழுக்க மருந்திலேயே கிடந்து செத்தவன். அவள் புதுத் துண்டும் மதுவும் கொண்டுவந்திருந்தாள். தோண்டியவன் மண்வெட்டியை நிறுத்தினான். அவள் எட்டிப் பார்த்தாள். கல்யாணக் கோட்டு அப்படியே இருந்தது. கோட்டுக்குள் ஸ்டமாதிஸும் இருந்தான்.

துண்டை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். சிறுவயது முதல் மனப்பாடமாயிருந்த வசனங்களில் ஒன்றுகூட நாவுக்கு வரவில்லை. இவர் எழுந்திருப்பாரா, மாட்டாரா?

"உங்க பேச்சுப்படி எங்கண்ணன் இப்ப எந்தப் பக்கம், அண்ணி?" என்றாள் நாத்தனார். யாரோ அடக்கிச் சிரித்தார்கள்.

குழியை மூடிவிட்டு இரண்டு வருஷம் கழித்துத் திறக்கலாம் என்றார் குருவானவர். அது அவள் காதில் ஏறவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாஸோ வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடி வாங்கப் போகிறவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"செத்து நாலு நாளாச்சு, நாறுமேன்னு லாசரோட அக்காக்காரி தடுத்தா. ஆண்டவரு கேட்டாரா? எலும்பு வெள்ளையா இருக்கான்னு பாத்துட்டா அவன எழுந்து வான்னு கூப்பிட்டாரு?" வாஸோ குழியோரம் வந்து நின்றாள். "ஒம் புருஷனுக்கும் அதான். எம் மகனுக்கும் அதான்டி."

கலியோபி நிமிர்ந்தாள். எதை எதிர்பார்த்து நின்றாளோ அது வரவில்லை. வந்ததைத் தாங்கத் தெரியவில்லை. வாஸோ அவள் கையிலிருந்த துண்டை வாங்கி, குழி தோண்டியவனிடம் கொடுத்து, ஸ்டமாதிஸின் முகத்தின்மேல் விரிக்கச் சொன்னாள். பிறகு ஒரு பிடி மண்ணை அள்ளிக் கலியோபியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"போடு."