காது வெட்டின கேஸ்கட்

கொதித்துப்போன வண்டியின் சொந்தக்காரர் யாரும் சிரித்த முகத்தோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வருவதில்லை. கவுண்டரில் நின்று பாட்டு வாங்கியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். எட்டாவது வரைதான் படிப்பு. முகம் பார்த்துப் பேசவே கூச்சம். ஆனாலும் காலைக் குளிரில் ஸ்வெட்டரோடு நின்று ஷட்டரைத் தூக்கியதும் குப்பென்று வரும் அந்தப் புது ரப்பர் வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

எத்தனை ஓட்டை?

வெங்கடப்பா அண்ணாவுக்குக் கெலவரப்பள்ளி பக்கம். டர்போ டீசல் கார் ஒன்று வைத்துக்கொண்டு, கம்பெனி ஆட்களைத் தினமும் பெங்களூருக்கு ஏற்றிப் போவார். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் வண்டி கொதித்துவிடும். திங்கட்கிழமையும் வழியில் நின்றால் டிரிப் வேறு வண்டிக்குப் போய்விடும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். மூஞ்சி வாடிப்போய் ஹெட் கேஸ்கட் கேட்டு வந்தார்.

என்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கிற தகடு அது. அவர் வண்டிக்கு ஒரே அச்சில் மூன்று தடிமனில் வரும். தகட்டின் ஓரத்தில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓட்டை போட்டு அடையாளம் வைத்திருப்பார்கள். "பழசுல எத்தனை ஓட்டைங்கண்ணா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"சைஸு கேக்கறதுக்கு இது என்ன செருப்பாம்மா?" என்றார்.

மெக்கானிக் வந்தார்

முணுமுணுத்துக்கொண்டே போனவர், பழைய கேஸ்கட்டையும் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மெக்கானிக் மணி அண்ணனுக்கு மதுரைப் பக்கம். கேஸ்கட்டைக் கவுண்டர் கண்ணாடி மேல் வைத்துத் தடவித் தடவிப் பார்க்கிறேன், காதையே காணோம்! போன தடவை மாட்டும்போது வெளியே துருத்திக்கொண்டு அசிங்கமாக இருந்ததாம், கத்தரியால் நறுக்கிவிட்டாராம். நசுங்கிப்போன தகட்டை அளந்தும் பிரயோஜனமில்லை.

"ஏத்தா, சுடிதார்ல நூலு தொங்குனா நீ வெட்ட மாட்டியா? அது மாதிரித்தேன்!" என்றார் மணி அண்ணன்.

இருக்கறதுலயே தடிசு

"இருக்கறதுலயே தடிசாக் குடும்மா, தாங்கும்" என்று வெங்கடப்பா அண்ணா அவசரப்படுத்தினார். முதலாளி கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். கண்டபடி தடிசாகப் போட்டால் வண்டி இழுக்காது, மெலிசாகப் போட்டால் பிஸ்டன் மேலே இடிக்கும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. ஆனால் கை அலமாரிக்குப் போகவில்லை.

"முதலாளியைக் கேட்டுட்டுத் தரேங்கண்ணா" என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவில் முதலாளி கத்தினார்: கொதித்த வண்டி என்றால் ஹெட் வளைந்திருக்கும், முதலில் லேத்தில் காட்டணும், பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்று அளந்தால்தான் எத்தனை ஓட்டை என்று தெரியும். அதை அப்படியே ஒப்பித்தேன். வெங்கடப்பா அண்ணா கையிலிருந்த காசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மணி அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"காசைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறவனை லேத்துக்குத் துரத்துற கடையை இன்னைக்குத்தேன் பாக்குறேன்!"

திங்கட்கிழமை

ஹெட் வளைந்துதான் இருந்தது. லேத்தில் மட்டம் பிடித்து, பிஸ்டனையும் அளந்து வந்து, இரண்டு ஓட்டை கேஸ்கட் வாங்கிப் போனார்கள். திங்கட்கிழமை முழுக்க எனக்குப் புத்தி அத்திப்பள்ளியிலேயே இருந்தது. வைப்பர் கேட்டவருக்கு ஃபேன் பெல்ட்டை நீட்டினேன். இன்னொருத்தர் டிரிப் என் வாயால் போயிருந்தால்? சாயந்தரம் அந்தக் கார் கடை முன்னால் வந்து நின்றதும் நான் பாதி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டேன். வெங்கடப்பா அண்ணா இறங்கிக்கூட வரவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினார்.

"ஏம்மா, முள்ளு ஏறவே இல்ல! இத்தனை நாளா என்னோட சேந்து ஹீட் முள்ளையே பாத்துக்கிட்டு வந்த கம்பெனி சார், இன்னைக்குக் கொறட்டை விட்டுத் தூங்கிட்டாரு!"

இப்போது கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிற என்னிடம் வந்துபோகிற ஒரே கேஸ்கட் குக்கர் கேஸ்கட்தான். அதற்கும் நான் கேட்கிற கேள்விக்குப் பயந்து, பாத்திரக் கடைக்காரர் என் தலையைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறார்.