பூட்டிய வீட்டுச் சோறு

சலோமிக்கு மூக்கு போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஒட்டுகிற மேஜையில் நின்றவர் அவர். வலது கையில் பிரஷ், இடது பக்கம் சொல்யூஷன் என்கிற நெடியடிக்கும் ஒட்டுப்பசை டப்பா. ஒருநாள் வீட்டில் பால் தீய்ந்து, புகை கண்ணை எரித்த பிறகுதான் தனக்கு எந்த வாசமும் தெரியவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே திரும்பாதும்மா" என்றார். சலோமி பெரிதாக அழவில்லை. தோல் பதனிடும் டேனரிகளின் காற்று வீசும் ஊரில் மூக்கு இல்லாததும் ஒரு சௌகரியம்தான் என்று சிரிப்பார்.

கணவர் இல்லை. ஒரே மகளை வாலாஜாபேட்டையில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கொரோனா வருஷத்தில் கம்பெனி மூடிக் கிடந்தபோதுதான் அவர் அரிசி கொடுக்கும் வேலையைக் கையில் எடுத்தார். அவருடைய சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். சலோமி பாஸ்டர் டேனியலிடம் போய், "அந்த அரிசிய அடுப்பு எரியாத வீட்டுக்குக் குடுக்கலாமே பாஸ்டர்" என்று கேட்டார். அப்படித்தான் ஞாயிறு பள்ளி நடந்த சின்ன அறை அரிசி ரூம் ஆனது. போர்டில் 'உணவு வங்கி' என்று எழுதியிருக்கும். யாரும் அப்படிச் சொல்வதில்லை.

நூறு வீட்டு அரிசி கலந்தால் ஒழுங்காக வேகாது. ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும். அதனால் பிடி அரிசியை மாவாக அரைத்துக் கஞ்சிக்குக் கொடுப்பார்கள். சோற்றுக்கு நல்ல அரிசியும் பருப்பும் மளிகை மண்டி இஷ்தியாக் அகமது மாதாமாதம் அனுப்பிவிடுவார். பருப்பு பூசணம் பிடித்திருக்கிறதா, எண்ணெய் சிக்கு அடிக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பது ஹலீமா பீயின் வேலை. அவர் சலோமியோடு ஒரே மேஜையில் நின்றவர், ஐந்து வயது இளையவர். சொல்யூஷன் அவர் மூக்கை ஒன்றும் செய்யவில்லை. சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவார்.

போன வருஷம் வெளிநாட்டு ஆர்டர் குறைந்து பல கம்பெனிகளில் ஆட்களை நிறுத்தினார்கள். நாற்பது குடும்பமாக இருந்த பட்டியல் தொண்ணூறைத் தாண்டியது. நடக்க முடியாதவர்களுக்கு இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் பையைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, உச்சி வெயில் நேரம். பாலாற்றோரம் மூடிப்போன ஒரு டேனரியின் பின்சுவரை ஒட்டி ஒரு சந்து. அங்கே ராமமூர்த்தி என்ற பழைய லாரி டிரைவர் வீட்டில் பையை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சந்தில் ஆள் நடமாட்டம் அதிகமில்லை. சலோமி சட்டென்று நின்றார்.

சோறு வெந்துகொண்டிருந்தது.

"ஹலீமா, யாரோ உலை வச்சிருக்காங்க."

"வச்சிருப்பாங்க. இன்னா இப்போ?"

"எனக்கு வாசம் வருதுடி."

ஹலீமா பீ அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு காற்றை நன்றாக இழுத்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலியே, அக்கா. சாக்கடை நாத்தம்தான் ஜாஸ்தியா இருக்குது."

சலோமிக்குக் கண் நிறைந்துவிட்டது. கஞ்சி பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பில் சொட்டும் அந்த வாசம். பதினோரு வருஷம் கழித்து. அவர் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மூன்று வீடு தாண்டி, நீலக் கதவு போட்ட ஒரு வீட்டின் முன்னால் அது முகத்தில் ஆவியாகவே அடித்தது. மேலுதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். ஈரம் இருந்தது.

கதவில் பூட்டு தொங்கியது.

எதிரே குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முத்துமாரி நிமிர்ந்தாள். "அந்த வீட்ல யாரும் இல்லக்கா. வியாழக்கெழமையே காசி பூட்டிக்கினு போய்ட்டாரு. அவங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போய்ட்டாரு போல, சத்தமே இல்ல."

"உள்ள சோறு வேகுதும்மா."

முத்துமாரி கதவைப் பார்த்தாள், சலோமியைப் பார்த்தாள், மறுபடி பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சலோமி காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டார். ஒன்றும் இல்லை. பெருங்காயம், பினாயில், துணி சோப்பு, எதிலும் ஒன்றும் இல்லை. மறுநாள் ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் சொன்னார். பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "கர்த்தர் தொட்டிருக்கார், சிஸ்டர். அடுத்த ஞாயிறு சபை முன்னாடி சாட்சி சொல்லிடுங்க." சலோமி தலையாட்டிவிட்டு வந்தார். கர்த்தர் தொட்டிருந்தால் தன் வீட்டுச் சமையலும் மணக்க வேண்டாமா என்பது மட்டும் நெஞ்சில் நின்றது.

திங்கட்கிழமை காலை தனியாகப் போனார். இன்னொரு முறை முகர்ந்து பார்க்கும் ஆசைதான், வேறு எண்ணம் எதுவும் இல்லை. சந்து முனையிலேயே வாசம் வந்துவிட்டது. ஆனால் இப்போது அது மாறியிருந்தது. தண்ணீர் சுண்டி, அடி பிடிக்கிற வாசம். கதவருகே போனபோதுதான் அவருக்கு உறைத்தது. எந்த வீட்டில் மூன்று நாளாக ஒரே உலை வேகும்?

கதவில் காதை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் உள்ளே ஒருவர் இருக்கிறார், கதவுக்கு இந்தப் பக்கம் தான் நிற்பது அவருக்குத் தெரிகிறது என்று தோன்றியது. தட்ட எடுத்த கை அப்படியே நின்றது. சலோமி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினார். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஓடியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஹலீமா பீயைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார். சந்து முனையில் வாசம் இல்லை. கதவுக்கு முன்னால் நின்று மூச்சை இழுத்தபோதுதான் நூல் மாதிரி லேசாக வந்தது.

"அணையுதுடி" என்றார் சலோமி.

"இன்னாது?"

"உள்ள இருக்கிற அடுப்பு. அணையப்போவுது."

அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. ராமமூர்த்தியின் கதவைத் தட்டி, கடப்பாரை கேட்டார். அவர் தயங்கினார். "அடுத்தவன் வீட்டுப் பூட்ட ஒடைக்கிறதாம்மா? காசி வந்து கேட்டா இன்னா சொல்றது?"

"சர்ச்சுல வந்து என்னைக் கேக்கச் சொல்லுங்க. நீங்க ஒடைங்க."

இரண்டாவது நெம்பலிலேயே நாதாங்கி பெயர்ந்து வந்தது. அடைபட்ட சூடு வெளியே அடித்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில் ஒரு பெண் கிடந்தார். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குடம் கவிழ்ந்து கிடந்தது. காசியின் அம்மா சம்பூர்ணம். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பாதிக் குரலும் போனவர். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஹலீமா பீ முதலில் போய்த் தொட்டது அடுப்பைத்தான். கை ஜில்லென்றது. சிலிண்டர் காலி. பானை கழுவிக் கவிழ்த்தபடி காய்ந்திருந்தது. அரிசி டின்னில் ஒரு மணி இல்லை. "அக்கா, இங்க யாரும் சமைக்கலியே" என்றார். சலோமி மூச்சை இழுத்துப் பார்த்தார். சுவிட்சை அணைத்ததுபோல எல்லாம் போய்விட்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுகோஸ் ஏற்றிய பிறகு சம்பூர்ணம் கண் திறந்து பார்த்தார். குழறிக் குழறித்தான் பேச்சு வந்தது.

"பசி தாங்கல. அதான் சோறு ஆக்கிக்கினே இருந்தேன். நெனப்புலதான். அரிசி களைவேன், உலையில போடுவேன், பொங்குனா மூடிய தள்ளுவேன். வடிக்கத்தான் முடியல. அடி பிடிச்சிடுச்சு."

கட்டிலோரம் நின்றிருந்த சலோமி கிட்டே குனிந்தார். சம்பூர்ணம் அவரையே பார்த்தார்.

"நீதானே வாசல்ல வந்து மோந்துக்கினு நின்ன? உள்ள வா, ஒரு வாய் சாப்ட்டுப் போன்னு கூப்டேன். பயந்துக்கினு ஓடிட்ட."



காசி பத்து நாள் கழித்துக் கையில் கட்டோடு வந்தான். டேனரி வேலையிலிருந்து நிறுத்தியதும் ஒரு நாள் கட்டட வேலைக்கு ஓசூர் போயிருக்கிறான், ராத்திரி திரும்பிவிடலாம் என்று. அம்மா ரோட்டுப் பக்கம் தவழ்ந்துவிடுவார் என்ற பயத்தில் வெளியே பூட்டியிருக்கிறான். சாரத்திலிருந்து விழுந்து நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தான். யார், எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அரிசி ரூம் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதான். "ரெண்டு தடவ கேட் வரைக்கும் வந்தேங்க. என்கூட வேல செஞ்சவங்கல்லாம் லைன்ல நின்னாங்க. வெக்கமா இருந்துச்சு, திரும்பிட்டேன்."

"அடுத்த தடவ பின்பக்கமா வா. நான் தொறக்கிறேன்" என்றார் சலோமி.

சம்பூர்ணம் அதன் பிறகு ஏழு மாதம் இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் சலோமி அந்த நீலக் கதவு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து ஊட்டிவிடுவார். ஆவி முகத்தில் அடிக்கும், வாசம் வராது. ஒருநாள் சம்பூர்ணம், "குழஞ்சுபோச்சு, நான் ஆக்குன மாதிரி இல்ல" என்றார். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. மார்ச் மாதம் ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே அவர் போய்விட்டார்.

சாட்சி சொல்லும்படி பாஸ்டர் மறுபடி கேட்டார். சலோமி மறுத்துவிட்டார். "சொன்னா எல்லாரும் அற்புதம்னு கை தட்டுவாங்க, பாஸ்டர். அந்தம்மா அஞ்சு நாள் பட்டினி கெடந்தாங்க. மொத நாளே தட்டியிருக்கணும் நான்."

இப்போது சனிக்கிழமை போதாதென்று புதன்கிழமையும் சந்து சந்தாகப் போகிறார். பட்டியலில் இல்லாத வீடுகளுக்குத்தான் அந்த நாள். பூட்டு தொங்கும் கதவென்றால் மூன்று முறை தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். ஹலீமா பீ கிட்டே வரமாட்டார். எதிர்ச் சுவரோரம் தள்ளியே நிற்பார்.

"யாரும் இல்லக்கா. வா, போலாம்."

"இரு" என்பார் சலோமி, கதவிலிருந்து கையை எடுக்காமல்.