டாக்டர் கேட்கப்போகும் எட்டுக் கேள்விகள்

மால்வினாவுக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பதினோரு வருடமாக அவள்தான் கூட்டித் துடைக்கிறாள். காலையில் கதவைத் திறப்பது, படிக்கட்டில் பனி தள்ளுவது, மணி அடிப்பது எல்லாம் அவள் வேலை. சுவாவ்கி நகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவள். புருஷன் ரோமெக் நார்வேயில் மீன் வெட்டும் வேலைக்குப் போய் ஐந்து வருடமாகிறது. முதல் மூன்று வருடம் பணம் வந்தது, போனில் குரலும் வந்தது. இப்போது கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி வருகிறது, அவ்வளவுதான். இதைப் பற்றி ஊரில் ஒருவரும் அவளிடம் கேட்பதில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரே மகள் கலினா. ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கழிப்பறையிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். துடைத்த காகிதத்தில் ரத்தம்.

"எப்பருந்துடி இப்படி?"

"தெரியல."

"வலிக்குதா?"

"கத்தி மாதிரி வலிக்குதும்மா."

மூலத்தை எங்கள் பக்கத்தில் ஓநாய் என்பார்கள். குளிர்ந்த கல்லில் உட்கார்ந்தால் ஓநாய் பிடிக்கும் என்று நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்ப்போம். மால்வினாவுக்கு உடனே பள்ளிப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. அவள் வேலை முடித்து வரும்வரை கலினா அந்த சிமெண்டுப் படியில்தான் உட்கார்ந்திருப்பாள். தன் வேலைதான் பிள்ளைக்கு நோயைக் கொண்டுவந்தது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

யாரிடம் கேட்பது? ஊர்க் கடையில் வாய் திறந்தால் சாயங்காலத்துக்குள் மூன்றாம் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டு யாத்விகாவிடம், தனக்கு என்று சொல்லிக் கேட்டாள்.

"உனக்கா? ஈரத் தரையில குந்திக் குந்தி வேல பாக்குற, வராம என்னடி செய்யும்?" யாத்விகா வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரு பதினாறு வருஷம் லாரி ஓட்டினாரு. ஓநாயும் டிக்கெட் எடுக்காம கூடவே உக்காந்து வந்துச்சு. ஓக்கு மரப்பட்டையக் கொதிக்க வச்சு, வெதுவெதுப்பா தொட்டில ஊத்தி உக்காரு. ஒரே வாரம், ஓடிரும்."

திங்கட்கிழமை பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் நடைவழியில் நிறுத்தி, "என்ன மால்வினா, இன்னிக்கு நின்னுக்கிட்டேதான் சாப்பாடா?" என்றார். அவளும் சேர்ந்து சிரித்தாள். பிள்ளையின் பெயர் வெளியே வராத வரையில் எந்தச் சிரிப்பையும் தாங்கிக்கொள்ள முடிந்தது.

பட்டைத் தண்ணீர் நான்கு நாள் வைத்தாள். படியில் உட்காரக்கூடாது என்று கம்பளித் துண்டு ஒன்றை மடித்துக் கொடுத்தாள். பேருந்தேறி நகரத்துக்குப் போய், முகம் தெரியாத மருந்துக்கடையில் களிம்பு வாங்கி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கலினா மறுபடி அழுதாள். "ஆஸ்பத்திரில அறுப்பாங்களாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் மால்வினா மருத்துவ நிலையத்துக்குப் போன் செய்தாள்.

"குழந்தை டாக்டர் செவ்வாய்க்கிழம போன்லதான் பாப்பாங்க" என்றாள் பதிவு செய்கிற பெண். "எட்டுலேருந்து பன்னெண்டுக்குள்ள எப்ப வேணா வரும். நம்பர் தெரியாது. ரெண்டு தடவ எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குப் போயிருவாங்க, அப்புறம் ரெண்டு வாரம் ஆயிரும். டாக்டர் கேக்கறதச் சொல்றேன், எழுதி வச்சுக்குங்க. அந்தம்மாவுக்கு மழுப்பினா புடிக்காது."

எட்டுக் கேள்விகள். எடை, காய்ச்சல், ஒத்துக்கொள்ளாத மருந்து, எப்போதிலிருந்து, என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எங்கே மலம் கழிக்கிறாள், இதுவரை என்ன மருந்து போட்டீர்கள். மால்வினா ஒரு பழைய கோடு போட்ட நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினாள். தலைமை ஆசிரியையிடம் பல் வலி என்று பொய் சொல்லிச் செவ்வாய்க்கிழமை விடுப்பு வாங்கினாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும் மகளைச் சமையலறை மேசையில் உட்காரவைத்தாள். எடை இருபத்தாறு கிலோ. சாப்பாடு: ரொட்டி, உருளைக்கிழங்கு, பீட்ரூட் சூப், வாழைப்பழம். ஐந்தாம் கேள்வி வரை பேனா ஓடியது.

"தண்ணி எத்தன டம்ளர்?"

"சாயங்காலம் ரெண்டு."

"பள்ளிக்கூடத்துல?"

"குடிக்க மாட்டேன். குடிச்சா வரும்."

"வந்தா போயிட்டு வா. நான் எதுக்கு இருக்கேன்? தாழ்ப்பாளுக்கு நானே எண்ணெ போட்டு வச்சிருக்கேன். காகிதம் இருக்கு, சோப்பு இருக்கு. இந்த ஜில்லாவுலயே இவ்வளவு சுத்தமான டாய்லெட் வேற எந்த ஸ்கூல்லயும் கெடையாது."

"தெரியும்மா."

"அப்புறம் என்ன?"

கலினா மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் உள்ள போனா வெளிய நின்னு பாடுறாங்க."

"யாரு?"

"எல்லாரும். 'வாளியம்மா, ஓடி வா, உம் பொண்ணு உள்ள இருக்கா'ன்னு." அவள் தலை நிமிரவில்லை. "நீயும் வந்த. நெசமாவே வாளியத் தூக்கிட்டு வந்து நின்ன."

மால்வினாவுக்கு நினைவுக்கு வந்தது. அக்டோபர் மாதம். பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், யாரோ வாந்தி எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று வாளியோடு ஓடினாள். கதவருகே நின்று, "கண்ணு, உள்ள நீயா? முடிஞ்சுதா?" என்று உரக்கக் கேட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழந்தைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அவளும் சிரித்தாள்.

"அன்னிலேருந்து போறதில்லையா?"

"வீட்டுக்கு வந்து போகலாம்னு இருப்பேன். வீட்டுக்கு வந்தா வர மாட்டேங்குது. நாலு நாளைக்கு ஒரு தடவ வரும். அப்பதான் வலிக்குது."

மால்வினா ஏழாம் பக்கத்தில் "பள்ளியில் போவதில்லை" என்று எழுதினாள். காரணம் எழுதப் பக்கம் முழுக்க மிச்சமிருந்தது. அதை எழுதாமல் நோட்டை மூடிவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்க எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஏழே முக்காலிலிருந்து போன் மேசை நடுவில் இருந்தது. கலினாவையும் அன்று பள்ளிக்கு அனுப்பவில்லை; இரண்டு பேரும் அதற்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பத்தே காலுக்கு மணி அடித்தது. மால்வினா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

டாக்டர் இளம் பெண், வேகமான குரல். மால்வினா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படித்தாள். பட்டைத் தண்ணீரையும் களிம்பையும் சொன்னாள்.

"களிம்ப நிறுத்திருங்க, அது பெரியவங்களுக்கு. யாரு சொன்னா மூலம்னு?"

"குளிர்ந்த படியில உக்காருவா டாக்டர். அதான் ஓநாய்..."

"எங்க பாட்டியும் இதையேதான் சொல்லி என்னை எழுப்பி விடுவாங்க." டாக்டர் சிரித்த மாதிரி இருந்தது. "படி பாவம், அத விடுங்க. இந்த வயசுல மூலம் ரொம்ப அபூர்வம். மலம் இறுகி, போகும்போது தோல் லேசாக் கிழிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். நேர்ல பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். வியாழக்கிழம கூட்டிட்டு வாங்க. அறுக்கிற வேலையெல்லாம் இருக்காதும்மா. சரி, பள்ளிக்கூடத்துல ஏன் போறதில்ல?"

பல் வலி மாதிரி இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. கதவு சரியில்லை, தண்ணீர் உறைந்துவிடுகிறது என்று ஏதாவது சொல்லலாம். எதிரே கலினா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க டாய்லெட் கழுவுறவ நான்தான், டாக்டர்" என்றாள் மால்வினா. "பிள்ளைங்க அதச் சொல்லிக் கேலி பண்றாங்க. நானும் தெரியாம அதுக்குத் துணை போயிட்டேன்."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற சத்தம் நின்றது.

"போனப் பொண்ணுகிட்ட குடுங்க."

கலினா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு "ம்", "ம்" என்று கேட்டாள். பிறகு, "டீச்சர்கிட்ட சொல்ல வேணாம், சொன்னா இன்னும் பாடுவாங்க" என்றாள். பிறகு அம்மாவைப் பார்க்காமல், மெதுவாக, "பெரிய இடைவேளைல அம்மா மேல, வகுப்புப் பக்கம் இருக்கக் கூடாது. வாளியும் இருக்கக் கூடாது. அப்பன்னா போவேன்" என்றாள்.

சற்று நேரத்தில், மருந்துக்கடையில் சொன்னால் மருந்து தருகிற நான்கு இலக்க எண் போனுக்கு வந்தது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பொடி, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கழிப்பறையில் பத்து நிமிடம், காலுக்குக் கீழே முக்காலி, ஊறவைத்த உலர்ந்த பிளம் பழம். வியாழக்கிழமை டாக்டர் நேரில் பார்த்து அதையே சொன்னாள்.

பெரிய இடைவேளை இருபது நிமிடம். பதினோரு வருடமாக அந்த இருபது நிமிடமும் மால்வினா மூன்றாம் வகுப்புக்கு எதிரே, வெப்பக் குழாயருகில் நிற்பாள். ஆசிரியைகள் காப்பிக் கோப்பையோடு கடந்து போகும்போது பனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள். கலினா பள்ளிக்கு வந்ததிலிருந்து, அவள் யாரோடு விளையாடுகிறாள் என்றும் மால்வினா பார்ப்பாள். அவளுடைய நாளில் மனித முகங்கள் இருக்கிற பகுதி அதுதான்.

வெள்ளிக்கிழமை மணி அடித்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கொதிகலன் அறைக்கு இறங்கினாள். கரி மூட்டை மேல் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே முந்நூறு கால்கள் ஓடுகிற சத்தம். எந்தக் கால் எது என்று பிரிக்க முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடமும் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே போய் மணி அடித்தாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அப்படியே. எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை இடைவேளை முடிகிற மணியை அடித்துவிட்டுத் திரும்பியபோது மூன்றாம் வகுப்பு வரிசையாக வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. கலினா கடைசிக்கு முந்தின ஆள். அம்மாவைப் பார்த்தாள். நடந்துகொண்டே, கழுவிய ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

மால்வினா சுவரோடு ஒதுங்கி வரிசைக்கு வழிவிட்டாள். வகுப்புக் கதவு சாத்தும்வரை நின்றிருந்துவிட்டு, நடைவழியை அந்தக் கோடியிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.