நாற்பத்தேழால் வகுபட்ட எண்

1. கீயில் இல்லாத விடை

திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியாதது ஒரு பத்து மார்க் கேள்வி.

'8388607 ஒரு பிரைம் நம்பர் என நிறுவுக.' கேட்டவர் எங்கள் துறைத் தலைவர். அவருடைய நோட்ஸில் 3, 5, 7 என்று ஆரம்பித்து 43 வரை வகுத்து, ஒவ்வொன்றிலும் மீதி வருவதைக் காட்டி, 'இவ்வாறே தொடர, இது பிரைம்' என்று முடித்திருப்பார். அதைத்தான் நானும் வருடா வருடம் போர்டில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்கிப் போனார்கள்.

நஸ்ரின் என்ற கடைசி வருட மாணவி மட்டும் நாலே வரி எழுதியிருந்தாள். இரண்டை இருபத்துமூன்று தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும். 23 பிரைம் என்பதால், இதை வகுக்கும் எந்த பிரைமும் 46-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும். அதில் முதலாவது 47. 47 × 178481 = 8388607, ஆகவே இது பிரைம் இல்லை.

சைபர் போட்டேன். கட்டுக்கட்டாகத் திருத்தும்போது கீயை, அதாவது விடைக்குறிப்பைத்தான் பார்ப்போம், கணக்கைப் பார்க்க மாட்டோம். நாலு மார்க்கில் அவள் ஃபெயில். அரியர் இருந்தால் எங்கள் கல்லூரியில் எம்.எஸ்சி. சீட் கிடையாது.

2. நோ சேஞ்ச்

அவள் ரீவேல்யுவேஷன் கேட்டாள். தலைவரும் நானும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அன்றுதான் முதல்முறையாக 47-ஆல் வகுத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். அவரும் வகுத்துப் பார்த்தார்.

"சரி, தப்புதான். இவளுக்கு மார்க்கப் போட்டா மத்தவங்களுக்குப் போட்டத எடுக்கணும். இத்தன வருசமா எழுதுனவங்களுக்கு யாரு பதில் சொல்றது? ரிட்டயர் ஆகுற நேரத்துல எனக்கு இது தேவையா? நோ சேஞ்ச்னு போடுங்க."

"அந்தப் புள்ளைக்கு ஒரு வருசம் போயிரும் சார்."

"அரியர் எழுதட்டும். இம்புட்டு யோசிக்கிற புள்ள பாஸாகாமலா போயிரும்?"

அவருக்கு அடுத்து அந்த நாற்காலி எனக்கு என்று பேச்சு இருந்தது. போட்டேன்.

ரிசல்ட் வந்த அன்று நஸ்ரின் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள்.

"சார், நீங்க நாப்பத்தேழால வகுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"மீதி வந்துச்சா?"

"வரல."

"அப்ப தெரிஞ்சேதான் போட்டீங்களா சார்?"

அழுதிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அரியரில் பாஸானாள். எம்.எஸ்சி.க்கு வரவேயில்லை.

நான் தலைவரானதும் நோட்ஸைத் திருத்தினேன். அவள் எழுதிய நாலு வரியை அப்படியே டைப் செய்து சேர்த்தேன். யார் எழுதியது என்று போடவில்லை. போட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

புதிதாகப் பேப்பர் திருத்த வருகிறவர்களே, கீயை நம்பி சைபர் போட்டது என் சோம்பல். அது எல்லாருக்கும் நேரும். வகுத்துப் பார்த்த பிறகும் கையெழுத்துப் போட்டேனே, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்த ஒரு நாளும் நான் நிம்மதியாக இருந்ததில்லை.