டிரைவிங் மாஸ்டரின் நன்றி

டிரைவிங் மாஸ்டருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கார் பழக வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தே காலம் தள்ளுகிறவர். தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கைத்தான் நம்புவார். ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வாயிலிருந்து "கடவுளே" என்று வந்துவிடும்.

வருடத்தின் கடைசி நாள், அவரிடமே வண்டி பழகிக்கொண்டிருந்த மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டாள். "வருஷம் பூரா கூப்பிடுறீங்க. இன்னைக்கு ஒரு நன்றியாவது சொல்லக் கூடாதா?"

"எதுக்கு?"

"நாள் தவறாம முழு ஆளா வீடு வந்து சேர்றீங்களே, அதுக்கு."

"அது பிரேக் செஞ்ச வேலை."

அந்த நேரம் சந்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி மூக்கை நீட்டியது. "கடவுளே" என்று அலறிக்கொண்டு மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். கார் அதற்கு முன்பே நின்றிருந்தது.

"அவரை ஏன் தொந்தரவு பண்றீங்க? நான்தான் நிறுத்திட்டேனே. வீடு போற வரைக்கும் கால மடிச்சு உக்காருங்க."

மாஸ்டர் சீட்டில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பார்த்தவர்கள் பெரிய பக்திமான் என்றே நினைத்திருப்பார்கள். வீட்டு வாசலில் வண்டி அலுங்காமல் நின்றதும், "நன்றி" என்று முணுமுணுத்தார்.

"எனக்கா, அவருக்கா?"

"ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கங்க."