கணபதிக்கு இல்லாத கச்சாங்

மலாக்கா காஜா பேராங்கில் தண்ணீர் இலாகா கணபதியைத் தெரியாதவர்கள் கிடையாது. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பது அவருடைய உத்தியோகம். குனிந்து நிமிரும்போதெல்லாம் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆலாமா!" என்று நீளமாக முனகுவார். வீட்டுக்காரர்கள் பதறிப்போய் நாற்காலி போடுவார்கள், சிலர் காப்பியும் கொடுப்பார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை, அம்மன் கை வைத்த தோள், வலிக்கத்தானே செய்யும் என்று பேசிக்கொள்வார்கள்.

அந்தத் தோளில் ஒரு மண்ணும் கிடையாது. அது கணபதிக்குத் தெரியும். கல்யாணமான வாரமே அவர் மனைவி பூங்காவனத்துக்கும் தெரிந்துவிட்டது. ஊருக்குத்தான் தெரியாது.

பெரிய வீடு என்பது கணபதியின் பெரியப்பா அண்ணாமலையின் வீடு. பல நூற்றாண்டுகளுக்கு முன் மலாக்காவில் குடியேறி உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்ட செட்டி சமூகத்தில் பழைய குடும்பம். வீட்டுப் பேச்சிலிருந்து தமிழ் கழன்று எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சாமியும் உறவுமுறையும் தமிழில், மற்றதெல்லாம் அவர்களுக்கே உரிய மலாய் மொழியில். அந்த வீட்டில் பிறந்தவர்களில் பலருக்கு வயது வந்த பிறகு தோலுக்கு அடியில் ஒரு கட்டி வரும். தோளில், கையில், முதுகில், கடலை அளவுக்கு. சும்மா இருந்தால் சாது. விரல் பட்டால் போதும், வலி சுண்டியிழுத்துக்கொண்டு கைநுனி வரைக்கும் ஓடும். வேறு குடும்பமாக இருந்தால் வைத்தியரைத் தேடியிருப்பார்கள். இவர்கள் ஒரு கதையைத் தேடிப் பிடித்தார்கள்.

யாரோ ஒரு மூதாதை மழையில் அம்மன் பல்லக்கைத் தனியாகத் தாங்கிப் பிடித்தாராம். மனம் குளிர்ந்த மாரியம்மன் அவர் தோளில் கட்டைவிரலை வைத்தாளாம். அந்த விரல் அடையாளம்தான் தலைமுறை தலைமுறையாக வருகிறதாம். அதற்குக் 'கச்சாங்' என்று பெயர் வைத்திருந்தார்கள், மலாயில் கடலை. கச்சாங் உள்ள ஆண்கள்தான் திருவிழாவில் பல்லக்கின் முன்தண்டைப் பிடிக்கலாம். அதையும் வலிக்கிற தோளில்தான் தாங்க வேண்டும். கண்ணில் நீர் முட்ட அவர்கள் நடந்து வருவதைப் பார்த்து, வலி என்னவென்று அறியாத ஜனங்கள் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

கணபதிக்கு இந்தக் கச்சாங்கின்மேல் அப்படி ஓர் ஏக்கம் வருவதற்குக் காரணம் இருந்தது. அவர் அம்மாவுக்கு வெகுகாலம் பிள்ளை இல்லை. பிறகு ஒரு நாள் செமாபோக்கில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவள், மாதங்கள் கழித்துக் கையில் குழந்தையோடு திரும்பினாள். குழந்தை வெள்ளைவெளேரென்று, சின்னக் கண்களோடு இருந்தது. ஜாதகம் சரியில்லை, வளர்க்க வசதியில்லை என்று சீனக் குடும்பங்கள் பிள்ளையைத் தத்துக் கொடுப்பதும், இந்தியக் குடும்பங்கள் வாங்கி வளர்ப்பதும் அந்தக் காலத்தில் சகஜம். ஊர் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிக்கொண்டது. செட்டிகளில் பாதிப்பேருக்கு அதே நிறமும் அதே கண்ணும்தான் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவும் அப்பாவும் சீக்கிரம் கண்ணை மூடிவிட்டார்கள். கேட்கவும் ஆளில்லை. 'செமாபோக் பிள்ளை' என்ற பட்டப்பெயர் மட்டும் மிஞ்சியது.

பெரிய வீட்டில் மீசை அரும்பிய பிள்ளைகளை அழுத்திப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்கு முன்னால் ஒரு காலையில் சட்டையில்லாமல் வரிசையாக உட்கார வைப்பார்கள். குடும்பத் தலைவர் கட்டைவிரலில் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு கழுத்திலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அழுத்திக்கொண்டே வருவார். எவன் துடிக்கிறானோ அவன் வீட்டுப் பிள்ளை. கணபதியின் முறை வந்தபோது அண்ணாமலையின் விரல் வலது கையை முடித்துவிட்டு இடது தோளுக்கு வந்தது. ஒன்றும் வலிக்கவில்லை. பெரியப்பா முகத்தில் 'நினைத்தேன்' என்கிற மாதிரி ஓர் இரக்கம் வந்து உட்கார்ந்ததைக் கணபதி பார்த்தார். அந்த இரக்கத்தை அவரால் தாங்க முடியவில்லை. தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினார்.

அண்ணாமலை திகைத்துப்போய் மறுபடி அழுத்தினார். கணபதி மறுபடி, இன்னும் சுருதி கூட்டிக் கத்தினார். வெளியே ஒன்றும் தட்டுப்படவில்லை. "டாலாம்" என்று தீர்ப்புச் சொன்னார் அண்ணாமலை. ஆழத்தில் இருக்கிறதாம். "நீ என் தம்பி மகன்டா" என்று கட்டிக்கொண்டார். அப்போது கணபதி அழுத அழுகையில் மட்டும் நடிப்பு இல்லை.

அதன்பின் ஒவ்வொரு வருஷமும் முன்தண்டு. முனகல் நாளாக நாளாகப் பழகி, கடைசியில் சுபாவமாகவே ஆகிவிட்டது. ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் பூங்காவனம். அவளுக்கு இந்தக் கூத்து முதலில் சிரிப்பாகவும் பிறகு சலிப்பாகவும் இருந்தது. "வலிக்காத தோளுக்கு எதுக்குங்க தைலம்? குடுங்க, என் முட்டிக்காச்சும் ஆவட்டும்" என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வாள். வெளியில் மட்டும் ஒரு வார்த்தை விட்டதில்லை. அவளுக்குப் புருஷனுடைய தோள் பொய்யாக இருந்தாலும் பயம் நிஜம் என்று தெரியும்.

மெர்டேக்கா வருஷத்தின், அதாவது மலாயா சுதந்திரம் வாங்கிய வருஷத்தின் தொடக்கத்தில் அண்ணாமலைக்குக் கால்கள் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் முதுகெலும்பை ஒட்டிப் பெரிதாக ஒரு கட்டி இருப்பதாகச் சொல்லி அறுத்து எடுத்தார்கள். தேவதாஸ் என்ற இளம் டாக்டர் மற்றக் கட்டிகளையும் பார்த்துவிட்டுக் குடும்பத்தாரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இது அம்மனும் இல்ல, சாபமும் இல்ல. நரம்புமேல வர்ற கட்டி. பெத்தவங்ககிட்டருந்து பிள்ளைங்களுக்கு வருது. ரெண்டு பிள்ளைல ஒண்ணுக்கு வர வாய்ப்பு இருக்கு."

அவருக்கு அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை விஞ்ஞானம் கண்டுபிடிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஆள் உயரத்துக்கு மேல் நீளமுள்ள ஒரு நூல், கண்ணுக்குத் தெரியாத சிறு உருளைகளில் சுற்றிச் சுற்றி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டிய இடத்தைத் தளர்த்தி, வேண்டாத இடத்தை இறுக்கி, எதைப் படிக்கலாம் எதைப் படிக்கக்கூடாது என்று பார்த்துக்கொள்ளப் புரதங்களின் ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளைத் தயாரிக்கும் மரபணுவுக்கு ஸ்மார்க்-பி-1 என்று பெயர். அது ஒழுங்காக இருக்கும்வரை செல்லுக்கு எப்போது நிற்க வேண்டும் என்று தெரியும். கெட்டுப்போனால் தெரியாது. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று ஆளுக்கு இரண்டு பிரதி உண்டு. பெரிய வீட்டில் வழிவழியாக வந்தது பழுதான ஒரு பிரதி. நரம்பின் உறையில் ஏதோ ஒரு செல்லில் நல்ல பிரதியும் கெட்டால் அங்கே கட்டி கிளம்பும். அம்மனுடைய கட்டைவிரல் என்று கும்பிட்டது, உண்மையில் காவல்காரன் இல்லாத வாசல்.

ஆஸ்பத்திரிச் செய்தி காஜா பேராங்குக்கு நடந்து வரவில்லை, ஓடி வந்தது. ஒரே வாரத்தில் உலகம் தலைகீழானது. பெரிய வீட்டுப் பெண்களுக்கு வந்த வரன்கள் நின்றன. கச்சாங்கைக் காட்டுவதற்காகவே சட்டையில்லாமல் திரிந்தவர்கள் உச்சி வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டார்கள். ஒருவர் தன்னுடையது கொசுக்கடி என்றார். இன்னொருவர் சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தது என்றார். புது நாட்டின் குடியுரிமைக்காக ஊரே, தான் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி தேடி அலைந்த நேரம் அது. பெரிய வீட்டார் மட்டும் தாங்கள் பெரிய வீட்டில் பிறக்காததற்கு அத்தாட்சி தேடினார்கள்.

அந்த வருஷத் திருவிழாவில் முன்தண்டைப் பிடிக்க யாரும் வரவில்லை. புத்தியுள்ள மனிதராக இருந்தால் கணபதியும் வீட்டில் படுத்திருப்பார். ஏனென்றால் அவர் மகள் தெய்வானைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புக்கிட் பாருவில் தபாலாபீஸில் கணக்கெழுதும் கிராணி ராஜரத்தினத்தின் மகன், பள்ளிக்கூட வாத்தியார். மெர்டேக்கா முடிந்ததும் தாலி என்று பேச்சு. ஆனால் முன்தண்டு காலியாகக் கிடக்கிறது. பெரிய வீட்டுக்கு வேறு வாரிசே இல்லாததுபோல அது அவரைக் கூப்பிட்டது. போய்த் தோள் கொடுத்தார். வாழ்நாளிலேயே மிக அழகாக அன்றைக்குத்தான் முனகினார். கூட்டத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற ராஜரத்தினம் அந்த முனகலை ஒன்றுவிடாமல் கேட்டார்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க. பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா நாளைக்கு என் பேரப்பிள்ளைங்க இப்படித் தோளப் பிடிச்சிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல? டாக்டரே பரம்பரைனு சொல்லிட்டாராம். நான் என்ன செய்ய?"

கணபதி திரும்பிப் பார்த்தார். உள்ளே கதவோரம் தெய்வானையின் நிழல் அசையாமல் நின்றது. அந்த வாத்தியாரை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். கட்டி இல்லையென்று சொன்னால் மகளுக்குக் கல்யாணம் உண்டு. தனக்கு அப்பா இல்லை.

"நாளைக்குப் பெரியப்பா வீட்டுக்கு வாங்க. டாக்டரையும் கூட்டியாறேன்" என்றார்.

பெரிய வீட்டுக் கூடத்தில், கட்டிலில் படுத்திருந்த அண்ணாமலைக்கு முன்னால், கணபதி சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். டாக்டர் தேவதாஸ் அழுத்தினார், தேய்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார். கணபதி கல்லாக இருந்தார். கத்தாமல் இருப்பது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, பழக்க தோஷம்.

"ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கட்டி வராதவங்க உடம்புலயும் இது ஒளிஞ்சு..."

டாக்டரை முடிக்கவிடவில்லை கணபதி. "என் உடம்புல எப்படி டாக்டர் இருக்கும்? நான் இந்த வீட்டு ரத்தமே இல்ல. செமாபோக்ல வாங்கியாந்த சீனப் பிள்ளை. அன்னிக்கு நான் கத்தினது பொய்."

ராஜரத்தினத்தின் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. "அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? சீனப் பிள்ளையா இருந்தா என்ன, சுத்தமான ரத்தம்! எனக்கு அது போதும்!" என்று கணபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போன வருஷம் செட்டி ரத்தம் கொஞ்சம் கலப்பு என்று சீதனத்தில் இழுத்தவர் அவர்.

அண்ணாமலை, "இனிமே முன்தண்டைத் தொடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கணபதி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கட்டியை மறைக்கிற மகன்களும் பேரன்களும் நிறைந்த வீட்டில், கட்டி இல்லையென்று ஒப்புக்கொண்ட ஒருவர்தான் அன்றைக்கு உறவு அற்றுப்போனார். அவருக்கு நெஞ்சு விண்டுபோயிற்று. அதற்கு முனகத் தோன்றவில்லை.

கல்யாணம் பழையபடி கூடியது. ஊர் பூராவும் கொடி கட்டிக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பிற்பகல், கணபதியும் வாசலில் காகிதக் கொடி ஒட்டிக்கொண்டிருந்தார். தெய்வானை வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, உங்க விரலைக் குடுங்க."

கொடுத்தார். அவள் அதை எடுத்துத் தன் இடது கையின் உள்பக்கம், ரவிக்கையின் கை முடிகிற இடத்தில் வைத்தாள். தோலுக்கு அடியில் கடலை அளவுக்கு ஒன்று நழுவியது. அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்படியே வெளுத்துப்போனாள்.

"எப்பருந்தும்மா?"

"ரெண்டு வருசம் இருக்கும். அப்ப சொல்லியிருந்தா நீங்க ஊரையே கூட்டிக் கொண்டாடியிருப்பீங்க. இப்ப சொன்னா ஊரே ஓடிப் போயிடும். ரெண்டும் வேணாம்னுதான் வாயத் தொறக்கல." அவள் அவர் விரலை விடவில்லை. "ஆனா நீங்க எனக்காக அத்தன பேர் முன்னால, 'நான் யாரோ பெத்த பிள்ளை'னு சொல்லிட்டு வந்தீங்க. அதுக்கப்புறமும் மறைக்க எனக்கு மனசு வரலப்பா. நாளைக்குப் புக்கிட் பாருவுக்குப் போயி நானே சொல்லிடறேன். அவருக்கு வேணும்னா கட்டிக்கட்டும், வேணாம்னா போவட்டும்."

கணபதி பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பூங்காவனத்தின் வீட்டில் யாருக்கும் இந்த வலி கிடையாது. அப்படியானால் இது தன் வழியாக வந்தது. தன் அப்பா வழியாக, அண்ணாமலையின் தம்பி வழியாகத் தனக்கு வந்து, தன்னைத் தொடாமல் ஒளிந்திருந்து, மகளின் கையில் முளைத்திருக்கிறது. வாங்கி வந்த பிள்ளையின் மகளுக்கு இது எங்கிருந்து வரும்? டாக்டர் சொல்ல வந்து முடிக்காமல் விட்டது இதுதான். மகளை நினைத்து அழ வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. அழுகை வந்துகொண்டும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது.

"ஏம்ப்பா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள் தெய்வானை.