அத்தை அறைக்குப் போன வயர்

எங்கள் வீட்டு டிகோடரின் பின்பக்கத்தில் எப்போதும் சூடேறிய தூசியின் வாசம் இருக்கும். டிவி அலமாரியின் நடுத்தட்டில், சுவரோடு ஒட்டினாற்போல், கூரை ‘டிஷ்’ஷிலிருந்து டிவிக்குப் படம் தரும் அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கும். கன்னத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டு கையை உள்ளே நுழைத்தால் முதலில் அந்தச் சூடும், பிறகு ஒட்டடையும், அதற்கும் பிறகுதான் வயர்களும் விரலில் தட்டுப்படும். பதினோரு வயதில், ஒரு மத்தியானம், அந்த இடுக்கில் கையை விட்டு நான் செய்த காரியத்தால் என் அத்தை எங்கள் வீட்டை விட்டே போகப் பார்த்தார்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், யோங் பெங் பட்டணத்தைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தார். சனிக்கிழமை மாலை வந்து ஞாயிறு மாலை பஸ் ஏறிவிடுவார். அம்மாவுக்குப் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. காலை ஆறரைக்குத் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அம்மா திரும்பி வரும்போது தலைமுடியெல்லாம் வெண்ணெய் மணக்கும். அத்தை, அப்பாவின் அக்கா, மாமா இறந்த பிறகு எங்களோடு இருக்க வந்தவர். பிள்ளைகள் இல்லை. இருபத்தைந்து வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர், தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினார். அப்பா வீட்டின் பின்புறம் பலகை அடித்து அவருக்கு ஓர் அறை எடுத்துக் கொடுத்தார். கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒற்றைப் பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

முதல் ஆறு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு மழை நாளில் அம்மா ‘ஓ.டி.’ என்கிற கூடுதல் நேர வேலையை முடித்துவிட்டு எட்டு மணிக்கு வந்தார். கதவைத் திறந்துவிட்ட அத்தை, “எட்டு மணிக்கா வீட்டுக்கு வர்றது? வளர்ற புள்ள தாய் மூஞ்சியப் பாக்க வேணாமா?” என்றார். அவர் அக்கறையாகத்தான் சொன்னார் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, காலிலிருந்து ஈரச் ‘சப்பாத்தை’க் கழற்றிக்கொண்டிருந்த அம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “சும்மா ஒக்காந்து சாப்பிடறவங்களுக்கு என்ன தெரியும் என் கால் வலி” என்று சொல்லிவிட்டார்.

அத்தை மறுநாள் பட்டணத்துக்குப் போய்ச் சின்னதாக ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வந்தார். அன்றிலிருந்து தன் அறையிலேயே பொங்கி, தன் அறையிலேயே சாப்பிட்டார். கூடத்துப் பக்கம் வரவில்லை. மழைக்குத் துணி எடுக்க வேண்டும் என்றாலும் என்னைக் கூப்பிட்டு, “பாப்பா, ஒங்கம்மாகிட்ட சொல்லு” என்பார். அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். இருந்தாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் நகர்வார்.

அப்பாவுக்கு யாரையும் கண்டிக்க வராது. அடுத்த வாரம் சிங்கப்பூரில் யாரோ வேண்டாம் என்று கொடுத்த பதினான்கு அங்குல டிவி ஒன்றை, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதுதான் எங்கள் வீட்டின் இரண்டாவது டிவி. கூடத்து டிகோடரின் பின்னாலிருந்து ஒரு வெள்ளை வயரை எடுத்து, ‘சீலிங்’ பலகைக்கு மேலே ஓடவிட்டு, அத்தை அறையில் இறக்கினார். கூரையில் ஒரு ‘டிஷ்’, கூடத்தில் ஒரு டிகோடர், இரண்டு டிவி. கூடத்தில் என்ன ஓடுகிறதோ அதுதான் அத்தை அறையிலும் ஓடும். ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். சேனலை மாற்ற அத்தையால் முடியாது.

இப்படித்தான் பேச்சுவார்த்தையில்லாத இரண்டு பேர் தினமும் ஒரே நாடகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஏழரை மணிக்கு அம்மா கூடத்தில் பாயை விரித்து உட்காருவார். கதையில் மாமியார்க்காரி மருமகளிடம் மூக்கறுபடும்போது அம்மா சிரிப்பார். பலகைக்கு அந்தப் பக்கம் அத்தையும் சிரிப்பார். வில்லனை இருவரும் ஒரே வார்த்தையில் திட்டிய நாளும் உண்டு. அப்போது அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

மத்தியானத்தில் பழைய படம் போடுவார்கள். அது அத்தைக்கு உயிர். அம்மா வேலைக்குப் போகும்முன் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்: “மூணு மணி வரைக்கும் ‘ரிமோட்’டத் தொடாத. உள்ள பாத்துக்கிட்டு இருப்பாங்க.” ‘அத்தை’ என்றோ ‘அண்ணி’ என்றோ சொல்லமாட்டார். ‘உள்ள’ என்பதுதான் அத்தைக்கு அம்மா வைத்திருந்த பெயர்.

மதியம் ஒரு மணிக்கே பள்ளி விட்டு வந்துவிடும் எனக்கோ இரண்டரை மணிக்கு ஒரு கரடிக் கார்ட்டூன். பள்ளியில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அதற்குக் கடைசிப் பகுதி. நான் சேனலை மாற்றினால் அத்தை டிவியிலும் கரடி வந்துவிடும், நான் அம்மா பேச்சை மீறியது தெரிந்துவிடும். வயரை உருவிவிட்டால் அத்தைக்குப் புள்ளிதான் தெரியும், ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். அரை மணி நேரம் கழித்துச் சொருகிவிடலாம். பதினோரு வயதில் இது எனக்குக் குற்றமற்ற ஏற்பாடாகத் தெரிந்தது.

கூடத்து டிவியின் சத்தத்தை முழுக்க அடக்கிவிட்டு, கையை இடுக்கில் விட்டு வெள்ளை வயரை உருவினேன். பலகைக்கு அந்தப் பக்கம் பாட்டு அறுந்து ‘உஸ்’ஸென்று இரைச்சல் வந்தது. அத்தை டிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு ஒலியைக் குறைத்துவிட்டார். கரடிகள் காட்டைக் காப்பாற்றி முடித்ததும் நான் வயரைப் பழையபடி அழுத்திச் சொருகினேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

அன்று மாலை ஏழரைக்கு நாடகம் தொடங்கியது. அம்மா ஓரிடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அம்மா பாதிச் சிரிப்போடு சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஒடம்புக்கு ஏதும் முடியலையான்னு போய்ப் பாருடி” என்றார்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே டிவி எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி நிறையக் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். சத்தத்தை முழுக்கக் குறைத்திருந்தார்.

“படம் வரலையா அத்தை?”

“எப்படி வரும்? காலையிலயே பாதி வெட்டி விட்டுட்டுப் போனவங்களுக்குத் தெரியும்.” குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். “பரவால்ல பாப்பா. சும்மா ஒக்காந்து சாப்பிடறவளுக்கு படம் ஒண்ணுதான் கொறச்சல்.”

நான் கூடத்துக்குத் திரும்பியபோது அம்மா டிவியை அணைத்துவிட்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. “நான் எதுக்குடி வெட்டப்போறேன்?” என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான்தான் தீர்ப்பு சொல்ல வேண்டியவள் மாதிரி. அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் விரித்திருந்த பாயைச் சுருட்டத் தொடங்கினேன். அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் மறுபடியும் மறுபடியும் வயரை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். அத்தை அறையில் புள்ளி மாறவில்லை.

சனிக்கிழமை வந்த அப்பா ஞாயிறு முழுவதும் அதிலேயே கிடந்தார். முதலில் அத்தை டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்து டிகோடருக்குப் பக்கத்திலேயே வேறு வயரில் மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. அப்படியானால் டிவியில் கோளாறு இல்லை. திரும்பவும் அறையில் வைத்துச் சேனல் தேடவிட்டார், ஒன்றும் அகப்படவில்லை. எலி கடித்திருக்கும் என்று ஏணி போட்டு ‘சீலிங்’குக்குள் ஏறி, வயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். என்னை அத்தை அறை வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

“வந்துச்சா?” என்று மேலேயிருந்து அப்பா.

“இல்லப்பா.”

“இப்ப?”

“இல்ல.”

“அலாமாக்!” என்று அலுத்துக்கொண்டார் அப்பா.

கடைசியில் இறங்கி வந்து டிகோடரின் பின்னால் கையை விட்டு அசைத்துப் பார்த்தார். “நல்லாத்தான் சொருகியிருக்கு,” என்றார். “வயருக்குள்ளதான் எங்கயோ போச்சு. அடுத்த வாரம் ‘டிஷ்’ மாட்டுன ஆளக் கூட்டியாந்து பாப்போம்.” அம்மா இத்தனை நேரமும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தார், கழுவினதையே திரும்பக் கழுவினார்.

அப்பா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அத்தை வாசலுக்கு வந்தார். “வேணாம் தம்பி. ஆளு கீளு ஒண்ணும் கூப்பிடாத. வர்ற சனிக்கிழம என்னைய மூவார்ல கொண்டுபோய் விட்டுரு.” மூவாரில் மாமாவின் தம்பி குடும்பம் இருந்தது. அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தபோது அத்தை சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “மூவார்ல ஒங்ககிட்ட யாரு பேசுவாங்க அத்தை?” என்று கேட்டேன். “இங்க மட்டும் யாரு பேசுறா?” என்றவர், உடனே என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ பேசுற, நீ பேசுற” என்று என் தலையைத் தடவினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

ஐந்தரைக்கு அம்மா வந்தார். அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கார்ட்டூன், வயர், அரை மணி நேரம், எல்லாம். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா அலமாரியை இழுத்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து டிகோடரைத் திருப்பி வைத்து வெள்ளை வயரை உருவினார். அதன் முனையை வெளிச்சத்தில் காட்டினார். வெளியில் பார்க்க ஒரு குறையும் இல்லை. உள்ளே நடுவில் தலைமுடி மாதிரி ஒரு செப்புக் கம்பி இருக்கவேண்டும். நான் கண்மூடித்தனமாக அழுத்தியதில் அது மடங்கிப் பக்கத்துத் தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பியை மெல்ல நிமிர்த்தினார். பிஸ்கட் டின்களில் நாள் முழுக்க லேபிள் ஒட்டுகிற கை அது. திரும்பச் சொருகினார். பலகைக்கு அந்தப் பக்கம் அத்தை டிவியைப் போட்டிருக்கவேண்டும், குபீரென்று பாட்டுச் சத்தம்.

நான் ஓடப் போனேன். “நீ இங்கயே நில்லு” என்றார் அம்மா.

நான்கு மாதத்துக்குப் பிறகு அம்மா அந்த அறை வாசலில் போய் நின்றார். நான் கூடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணி, படம் வருதா?”

டிவியின் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

“நான்தாண்ணி வீடு கூட்டும்போது வயர இழுத்துட்டேன் போல. தெரியாம செஞ்சுட்டேன்.” அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “அன்னைக்குப் பேசுனதும் தெரியாமதான்... மன்னிச்சுருங்க.”

உள்ளே டிவி பாடிக்கொண்டே இருந்தது. அத்தையின் குரல் கேட்டது. “காலு வலிக்க வாசல்ல ஏன் நிக்கிற? வந்து ஒக்காரு சாந்தி.”

அம்மா உள்ளே போனார். கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், யார் என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் அத்தை வழக்கமான குரலில், பலகையைத் தாண்டி எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: “பாப்பாகிட்ட சொல்லு. கரடிப் படம் பாக்கணும்னா மாத்திக்கச் சொல்லு. எனக்கும் அது பிடிக்கும்லா.”

ஒற்றைப் பலகைச் சுவர். நான் அழுது சொன்னது முழுவதும் அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை வந்த அப்பா, அடுப்படியில் இருவரும் சேர்ந்து மீன் ஆய்வதைப் பார்த்துவிட்டு, எதையும் கேட்காமல் குளிக்கப் போனார். அத்தை அதன்பிறகு பதினாறு வருடம் எங்களோடு இருந்தார். கடைசி இரண்டு வருடம் அம்மாதான் அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டிவிட்டார்.

யோங் பெங் வீட்டை வாங்கியவர்கள் பின்னறையை இடித்துச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். ஜொகூர் பாருவில் இப்போது நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் டிஷ் இல்லை, டிகோடர் இல்லை, அறையிலிருந்து அறைக்கு ஓடும் வயரும் இல்லை. ஆளுக்கொரு கைப்பேசி, காதில் ஆளுக்கொரு பட்டன். போன மாதம் ஒருநாள் வீட்டு ‘வைஃபை’ நின்றுவிட்டது. என் மகள் அறையைத் திறக்கவே இல்லை, தன் கைப்பேசி இணைப்பிலேயே பார்த்துக்கொண்டாள். யாரும் யாரையும் “வந்துச்சா?” என்று கேட்கவில்லை.

அன்று மாலை அம்மா மட்டும் கூடத்தில் என்னோடு சும்மா உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடம் கேட்காததை அப்போது கேட்டேன்: “எனக்காக ஏம்மா அன்னைக்குப் பழிய ஏத்துக்கிட்டீங்க?”

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். “ஒனக்காகன்னா நெனச்சுக்கிட்டு இருந்த?” என்றார். “நாலு மாசமா அந்த வாசல் வரைக்கும் போயிப் போயித் திரும்பியிருக்கேன், தெரியுமா? என்னன்னு சொல்லிக் கதவத் தட்டறதுன்னு தெரியல.”